தொப்பி வேறு போட்டிருக்கிறார்! இன்டெலிஜென்ட்சியா என்ற சொல்லின் கதை

பேருந்துப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போகிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நடத்துநர் கடைசியில் சொல்வார்: “பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. உள்ள தள்ளிப் போகக் கூடாதா?” எனக்கு இது பலமுறை கிடைத்திருக்கிறது. மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தப் பேச்சில் திட்டு இருக்கிறது. திட்டுக்கு அடியில் கொஞ்சம் மரியாதையும் இருக்கிறது. படித்தவன் மற்றவர்களைவிட நன்றாக நடந்துகொள்வான் என்று எதிர்பார்த்தார், அது நடக்கவில்லை, கோபம் வந்துவிட்டது.

சோவியத் காலத்து டிராம் வண்டிகளில் இதற்கு அச்சு அசலாக ஒரு ஜோடி உண்டு. யாராவது காலை மிதித்துவிட்டால், வரிசையில் முந்திவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: “தொப்பி வேறு போட்டிருக்கிறார்!” விளிம்பு வைத்த தொப்பி அங்கே படித்தவரின் அடையாளம். தொழிலாளி தலையில் இருப்பது தட்டைக் குல்லாய். தொப்பி இல்லாவிட்டால் “கண்ணாடி வேறு போட்டிருக்கிறார்!” என்று வசவு மாறும்.

அந்தத் தொப்பிக்காரரையும் கண்ணாடிக்காரரையும் சேர்த்து ரஷ்யர்கள் அழைத்த பெயர்தான் இன்டெலிஜென்ட்சியா. அகராதியைப் புரட்டினால் ‘ஒரு சமூகத்தின் படித்த, சிந்திக்கிற மேல்தட்டு’ என்று இருக்கும். தப்பில்லை. ஆனால் அந்த விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ரஷ்ய நாவலையோ வரலாற்று நூலையோ படித்தால் பாதி புரியாது. மேல்தட்டு என்றால் நமக்குப் பணமும் பதவியும் நினைவுக்கு வரும். இந்தச் சொல் குறித்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் கிடையாது. மூளைக்கூர்மையை அளந்து பார்த்து வைத்த பெயரும் இல்லை இது. கணக்கில் புலியான ஒரு வட்டிக்கடைக்காரரை எந்த ரஷ்யரும் இன்டெலிஜென்ட்சியாவில் சேர்த்திருக்க மாட்டார். பட்டினி கிடந்த ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியையைச் சேர்த்திருப்பார்.

சரி, சொல்லின் வேரிலிருந்து வருவோம். லத்தீனில் ‘இன்டெலிகெரே’ என்றால் புரிந்துகொள்வது. அதைப் பிரித்தால் ‘இன்டெர்’, அதாவது இடையில். ‘லெகெரே’, அதாவது பொறுக்குவது, தேர்ந்தெடுப்பது. பலவற்றுக்கு நடுவிலிருந்து சரியானதைப் பொறுக்கி எடுப்பதுதான் புரிதல் என்று லத்தீன்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். தமிழ்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்முடைய ‘தெரி’ என்ற வினையும் இதையேதான் செய்கிறது. தெரிதல் என்றால் அறிதல்; தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தலும்தான். இலங்கைத் தமிழில் இன்றும் ‘தெரிவு’ என்றால் தேர்வு. அந்த லத்தீன் வினையிலிருந்து பிறந்த ‘இன்டெலிகென்டியா’ பல நூறு வருடங்கள் மனிதனுக்கு உள்ளே இருக்கும் ஒரு திறமையின் பெயராக மட்டுமே இருந்தது. ஒருவரைக் காட்டி ‘இவருக்கு இன்டெலிகென்டியா இருக்கிறது’ எனலாம். ஒரு கூட்டத்தைக் காட்டி ‘இவர்கள்தான் இன்டெலிகென்டியா’ என்று சொல்ல முடியாது.

திறமையின் பெயர் எப்படி ஆட்களின் பெயரானது? தமிழிலும் இப்படி நடப்பதுண்டு. ‘அதிகாரம் பேசாமல் இருந்துவிட்டது’ என்று எழுதும்போது அதிகாரம் என்ற குணம் அதிகாரிகள் என்ற கூட்டமாகிவிடுகிறதே, அதுபோலத்தான். ஆனால் ‘அறிவு’ விஷயத்தில் அது நடந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்த இடம் போலந்து. அன்றைக்கு வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதை வெட்டிப் பங்கிட்டுக்கொண்டன. அரசன் இல்லை, ராணுவம் இல்லை, நாடாளுமன்றம் இல்லை. தோற்றுப்போன கிளர்ச்சிகளுக்குப் பிறகு நிலத்தைப் பறிகொடுத்த பிரபு வீட்டுப் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் பத்திரிகை எழுத்தராகவும் பிழைத்தார்கள். ஒரு தேசத்தைத் தேசமாக வைத்திருக்க மொழியும் புத்தகமும் நினைவும்தான் மிச்சம். அப்படியானால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது? பிரஷ்யர்கள் பிடித்துக்கொண்ட போஸ்னான் பகுதியில் வாழ்ந்த மெய்யியலாளர் காரோல் லிபெல்ட், நாட்டுப்பற்றைப் பற்றி 1844-இல் எழுதியபோது, கல்வியால் மக்களுக்கு முன்னால் வந்து நிற்கும் கூட்டத்துக்கு ‘இன்டெலிகென்ட்சியா’ என்று பேர் வைத்தார். அரசு இல்லாத ஊரில் அரசு செய்ய வேண்டிய வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் என்பதுதான் உள்ளர்த்தம்.

ரஷ்ய மொழியில் இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஒரு இடத்தில் தலைகாட்டுகிறது. கவிஞர் வசீலி ஷுகோவ்ஸ்கி 1836 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு அது. பீட்டர்ஸ்பர்க்கில் மரத்தால் கட்டிய ஒரு வேடிக்கைக் கொட்டகை தீப்பிடித்து, நூறு பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். அன்று இரவே ஊரின் மேட்டுக்குடியினர் நடன விருந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாவின் ஐரோப்பிய இன்டெலிகென்ட்சியா முழுவதற்கும் பிரதிநிதிகளாக இருக்கும் சிறந்த பிரபுக்கள் இவர்கள் என்று மனம் கசந்து குறித்து வைக்கிறார் ஷுகோவ்ஸ்கி. நமக்குக் கிடைக்கும் முதல் ரஷ்யப் பிரயோகமே ஒரு குற்றச்சாட்டுத்தான் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. நடத்துநர் சொன்னதும் அதுதானே: படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், பிறகு ஏன் இப்படி?

ஆனால் ஒரு நாட்குறிப்பில் கிடந்த சொல் ஊர்வாய்க்கு வந்துவிடாது. 1860-களில்தான் அது பத்திரிகைகளில் பரவியது. பியோத்தர் பபரிகின் என்ற நாவலாசிரியர் தானே அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாகப் பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். அவர் எழுதிய நாவல்களை இன்று அதிகம் பேர் படிப்பதில்லை. இந்த உரிமைக்காகவே அவர் பேர் நிற்கிறது.

ஏன் 1860-கள்? ரஷ்யச் சமூகம் அடுக்கு அடுக்காகச் சட்டத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. பிரபு, பாதிரியார், வணிகர், நகரத்தார், குடியானவர் என்று ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் இடம் உண்டு. பல்கலைக்கழகங்கள் வளர வளர, எந்தப் பெட்டியிலும் அடங்காத ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாதிரியார் மகன் பாதிரியாராக மாட்டேன் என்கிறான். சின்ன குமாஸ்தாவின் மகன் ஜெர்மன் தத்துவம் படிக்கிறான். இவர்களுக்கு அரசாங்கமே வைத்த பெயர் ‘ரஸ்னசீன்ஸி’, பல அடுக்குக்காரர்கள். அந்தத் தலைமுறையின் குரலாக இருந்த செர்னிஷேவ்ஸ்கியும் தப்ரல்யூபவும் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னோடியான விமர்சகர் பெலின்ஸ்கி கடற்படை மருத்துவரின் மகன். 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. நாடே அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். பெட்டியில் அடங்காத இந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சொல் தயாராக இருந்தது.

இவர்கள் எவ்வளவு சிறிய கூட்டம் என்று மனதில் வைத்துக்கொள்ள ஓர் எண் போதும். இது நடந்து முப்பது வருடங்களுக்கும் மேலே கழித்து, 1897-இல் எடுத்த கணக்கெடுப்பில்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். கையெழுத்துப் போடத் தெரியாத கடலுக்கு நடுவே ஜெர்மன் தத்துவவாதி ஹெகலைப் பற்றி விடிய விடியச் சண்டை போடும் ஒரு சின்னத் தீவு. மேலே ஜார் அரசு இவர்களை நம்பவில்லை. கீழே குடியானவருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது.

மேலே இருந்து வந்த அவநம்பிக்கை எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். ரஷ்யாவின் நாகரிகம் வெறுமையானது என்ற பொருள்பட ஒரு கட்டுரையை 1836-இல் வெளியிட்டார் பியோத்தர் சாதாயெவ். ஜார் முதலாம் நிக்கலாய் அவரைச் சிறையில் போடவில்லை. பைத்தியம் என்று அறிவித்து, வீட்டிலேயே வைத்து, மருத்துவரை அனுப்பிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் சிறையைவிட இது கொடுமை. அடுத்தது 1849. பெலின்ஸ்கி எழுத்தாளர் கோகலுக்கு எழுதிய காரசாரமான கடிதம் ஒன்று கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு நண்பர் கூட்டத்தில் உரக்கப் படித்தார் 27 வயது இளைஞர் ஒருவர். அது அவர் மேல் சுமத்தப்பட்ட முக்கியமான குற்றங்களில் ஒன்றாகி, மரண தண்டனை கிடைத்தது. டிசம்பர் 22-ஆம் தேதி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தி, துப்பாக்கிகளை உயர்த்திய பிறகு, கடைசி நொடியில் தண்டனை கடுங்காவலாகக் குறைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். முன்பே முடிவு செய்து வைத்திருந்த நாடகம் அது. அந்த இளைஞர் தஸ்தயேவ்ஸ்கி. ஒரு கடிதத்தை வாசித்ததற்கு இந்த விலை என்றால், படிப்பது என்பதே அங்கே எவ்வளவு ஆபத்தான காரியம் என்று பாருங்கள். ‘இன்டெலிஜென்ட்சியா’ என்ற சொல்லுக்கு ஒரு தியாக வாசனை வந்தது இப்படித்தான்.

கீழே இருந்த உறவு இன்னும் விசித்திரம். பியோத்தர் லவ்ரோவ் என்ற சிந்தனையாளர் 1860-களின் இறுதியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நான் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடிகிறதென்றால், அதற்காக எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக வயலில் முதுகொடித்திருக்கிறார்கள். ஆகவே என் படிப்பு ஒரு கடன். அதைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடன் எண்ணம் இளைஞர்களைப் பிடித்து ஆட்டியது. 1874 கோடையில் ஆயிரக்கணக்கான மாணவ மாணவிகள் பட்டணத்தை விட்டுவிட்டு, குடியானவர் உடை போட்டுக்கொண்டு, செருப்புத் தைக்கவும் தச்சு வேலைக்கும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். ‘மக்களிடம் போவது’ என்று அதற்குப் பெயர். கிராமத்தார் இவர்களைப் பார்த்து மிரண்டார்கள். பேச்சும் கையும் உடைக்குப் பொருந்தவில்லையே! சில ஊர்களில் அவர்களே பிடித்துக் காவல்துறையிடம் கொடுத்தார்கள். பின்னால் நடந்த பெரிய வழக்குக்கு ‘193 பேர் வழக்கு’ என்றே பெயர். அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் துயரமாகவும், மன்னிக்கவும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும் பகுதி இதுதான். யாருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்களோ அவர்களே கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆக, இந்தச் சொல்லின் முழு எடை இங்கே இருக்கிறது. படிப்பு இருக்கிறது, அந்தப் படிப்பைச் செலுத்த அதிகாரத்தில் இடம் இல்லை, படித்ததற்காக ஒரு குற்ற உணர்ச்சி மட்டும் நிறைய இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த ஆளைத்தான் ரஷ்யன் ‘இன்டெலிகென்ட்’ என்றான். கடைசி எழுத்தில் அழுத்தம், நடுவில் ‘க’.

இந்தக் கூட்டத்தை மிக மோசமாகத் திட்டியவர்கள் வெளியாட்கள் இல்லை, அந்தக் கூட்டத்தாரே. பண்ணையடிமையின் பேரனாகப் பிறந்து, கடைக்காரர் மகனாக வளர்ந்து, மருத்துவரான செகாவ், 1899-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நமது இன்டெலிகென்ட்சியாவை நான் நம்பவில்லை, அது பாசாங்கும் பொய்யும் சோம்பலும் நிறைந்தது என்கிறார். தனித்தனி மனிதர்களை மட்டும்தான் நம்புகிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். 1909-இல் பெர்தியாயெவ், புல்காகவ், ஃபிராங்க் உட்பட ஏழு பேர் சேர்ந்து ‘வேகி’ என்ற கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ‘வழிக்கம்பங்கள்’ என்று அர்த்தம். மக்கள் மக்கள் என்று கும்பிட்டுவிட்டு உண்மையைத் தேடுவதை விட்டுவிட்டோம், சட்டத்தை மதிக்கக் கற்கவில்லை என்று தங்கள் தலையில் தாங்களே குட்டிக்கொண்டார்கள். புத்தகம் சுடச்சுட விற்றது. இடது பக்கமிருந்தும் தாராளவாதிகளிடமிருந்தும் கண்டனம் குவிந்தது.

1917-க்குப் பிறகு சொல்லின் அதிர்ஷ்டம் இன்னொரு பக்கம் புரண்டது. லெனினே ஒரு பள்ளி ஆய்வாளரின் மகன், சட்டம் படித்தவர். தொப்பிக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 1919 செப்டம்பரில், கைதான படிப்பாளிகளுக்காகப் பரிந்து எழுதிய கார்க்கிக்கு அவர் அனுப்பிய பதில் பிரசித்தம். இந்த ஆட்கள் தங்களைத் தேசத்தின் மூளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூளை அல்ல, மலம் என்றார். 1922 இலையுதிர் காலத்தில் பேராசிரியர்களையும் மெய்யியலாளர்களையும் எழுத்தாளர்களையும் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். வேகியில் எழுதிய பெர்தியாயெவும் ஃபிராங்கும் செப்டம்பரில் போன முதல் கப்பலில் இருந்தார்கள். ‘தத்துவக் கப்பல்’ என்று பின்னால் அதற்குப் பெயர் வந்தது. அன்றைக்கு அது தண்டனை. அடுத்து வந்த வருடங்களில் உள்ளேயே தங்கியவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால், கப்பலேறியவர்கள் தப்பித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஸ்டாலின் காலம். 1936 அரசியல் சட்டத்தை விளக்கும்போது, சோவியத் நாட்டில் தொழிலாளர், விவசாயி என்று இரண்டு வர்க்கங்கள், இன்டெலிஜென்ட்சியா வர்க்கம் இல்லை, ஒரு ‘இடைப்படலம்’ என்றார். இரண்டு ரொட்டிக்கு நடுவே தடவிய ஜாம் மாதிரி. அதிலிருந்து பொறியாளர், கணக்கர், பல் மருத்துவர், அலுவலக ஊழியர் எல்லாரும் அரசுப் புள்ளிவிவரத்தில் இன்டெலிஜென்ட்சியா ஆகிவிட்டார்கள். மனசாட்சி வேண்டாம், சான்றிதழ் போதும். இந்த விரிவாக்கத்தை எரிச்சலோடு பார்த்த சோல்செனித்சின் 1974-இல் ‘ஒப்ரஸோவன்ஷீனா’ என்று ஒரு சொல்லையே உருவாக்கினார். படிப்பைப் பூச்சாகப் பூசிக்கொண்ட கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ரஷ்ய மொழியில் இதன் பெயரடை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதில்தான் மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள். ‘இன்டெலிகென்ட்னி’ என்று ஒருவரைச் சொன்னால் புத்திசாலி என்று அர்த்தமில்லை. குரல் உயர்த்தாதவர், அடுத்தவரை மதிப்பவர், மேன்மையானவர் என்று அர்த்தம். பழைய ரஷ்ய இலக்கிய அறிஞர் திமீத்ரி லிகச்சோவ், இளம் வயதில் சோலவ்கி என்ற சோவியத் சிறை முகாமில் கைதியாகக் கிடந்தவர். ரஷ்யாவின் வடக்கே உள்ள சாதாரணக் குடியானவர்களிடம் இந்தக் குணத்தைப் பார்த்ததாக எழுதுகிறார். சுத்தமான வீடு, விருந்தோம்பல், பாட்டும் கதையும் தெரிந்த நாக்கு, பிறர் துக்கத்தைப் புரிந்துகொள்ளும் மனம். பட்டம் ஒன்றும் இல்லை. தமிழில் இதற்குப் ‘பண்பட்டவர்’ என்பேன். எங்கள் பாட்டி இருந்தால் ‘தங்கமான மனுஷன்’ என்று முடித்துவிடுவார்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் ஒரு நடை பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைத்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஆன்டலெக்சுவெல்’, ஆங்கிலத்தில் இன்டலெக்சுவல். இது கூட்டத்தைக் குறிப்பதில்லை, தனி ஆளைக் குறிக்கிறது. இதுவும் சண்டையில் பிரபலமான சொல்தான். செய்யாத உளவுக் குற்றத்துக்காக 1894-இல் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸுக்காக, எமில் சோலா 1898 ஜனவரி 13 அன்று ‘லோரோர்’ நாளிதழின் முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளிலிருந்து எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் கையெழுத்திட்ட மனு வந்தது. அதே நாளிதழில் எழுதிவந்த அரசியல்வாதி கிளமான்சோ அவர்களை ‘ஆன்டலெக்சுவெல்கள்’ என்று பெருமையாகக் குறிப்பிட்டார். எதிர்த்தரப்பு எழுத்தாளர் மொரீஸ் பாரெஸ் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் தங்களைப் பெரிய ஆட்களாக நினைத்துக்கொண்டு தேசத்தைக் கெடுப்பவர்கள் என்ற தொனியில் கிண்டல் செய்தார். சில நாள் இடைவெளியில் ஒரே சொல் பாராட்டாகவும் வசவாகவும் ஆனது. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906-இல் தீர்ப்பு வந்தது. சொல்லுக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

‘லிட்டராட்டி’ என்பது எழுத்தறிந்தவர்கள். லத்தீனில் எழுத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் சீனத்து அறிஞர் அதிகாரிகளைக் குறிக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். அங்கே கதையே தலைகீழ். பல நூற்றாண்டுகள் நடந்து 1905-இல் நின்றுபோன அரசுத் தேர்வில் தேறினால் படித்தவர் நேராக நிர்வாகத்தில் போய் உட்காருவார். ‘அறிவுடையோன் ஆறு அரசும் செல்லும்’ என்று புறநானூற்றில் பாண்டிய மன்னனே சொன்ன நிலைமைக்கு அது பக்கம். ரஷ்யாவில் அறிவுடையோன் போன வழி சைபீரியாவுக்குப் போனது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1830-இல் ‘கிளெரிசி’ என்று ஒரு சொல்லை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார். ஊர் ஊராக ஒரு படித்தவரை அமர்த்தி, தேசம் அவருக்குச் சோறு போட்டு, அவர் மக்களைப் பண்படுத்த வேண்டும் என்பது அவர் கனவு. சொல் அழகாக இருக்கிறது, பரவவில்லை.

இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முசோலினியின் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் அவர், எல்லா மனிதர்களும் சிந்திப்பவர்களே, ஆனால் எல்லாருக்கும் சமூகம் சிந்தனையாளர் என்ற வேலையைக் கொடுப்பதில்லை என்றார். ஒவ்வொரு வர்க்கமும் தனக்கான சிந்தனையாளர்களைத் தன் வயிற்றிலிருந்தே பெற்றெடுக்கிறது என்பது அவர் வாதம். இந்தச் சொல்லைச் சுற்றியுள்ள மேட்டுக்குடி வாசனையைத் தட்டிக்கேட்டவர்களில் முக்கியமானவர்.

இது அகராதிச் சண்டை மட்டும் என்று யாராவது நினைத்தால் ஒரு விஷயம். ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரைப் பட்டியலாகவும் மாற்றலாம். 1939-இல் போலந்தைப் பிடித்த நாஜிகள், ஆசிரியர், பாதிரியார், வழக்கறிஞர், மருத்துவர் என்று தேடித் தேடிக் கொன்ற நடவடிக்கைக்கு வைத்த பெயரிலேயே ‘இன்டெலிகென்ட்ஸ்’ இருக்கிறது. அந்த நவம்பர் 6-ஆம் தேதி கிராக்கோவ் பல்கலைக்கழகத்தாரை ஒரு சொற்பொழிவுக்கென்று அழைத்து 183 பேரைக் கைது செய்தார்கள். அடுத்த வருடம் சோவியத் ரகசியக் காவல்துறை காத்தீன் காட்டிலும் வேறு இடங்களிலும் சுட்டுக் கொன்ற ஏறத்தாழ 22,000 போலந்துக்காரர்களில், போருக்கு அழைக்கப்பட்டுச் சீருடை போட்ட மருத்துவர்களும் ஆசிரியர்களும் ஏராளம். லிபெல்ட் சொன்னதை எதிரிகள் அப்படியே நம்பியிருக்கிறார்கள்: இவர்கள் இல்லாவிட்டால் தேசம் இல்லை என்று. நமக்குப் பக்கத்தில் டாக்காவில், 1971 டிசம்பரில், பாகிஸ்தான் படை சரணடைய இரண்டே நாள் இருக்கும்போது, முனீர் சௌதுரி, ஷஹிதுல்லா கைசர் போன்ற பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் பொறுக்கியெடுத்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வங்கதேசம் டிசம்பர் 14-ஐ ‘ஷஹீத் புத்திஜீபி’ தினமாக நினைவுகூர்கிறது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் கண்ணாடி போட்டிருந்தாலே சந்தேகம் என்றிருந்ததாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிராமில் கேட்ட வசவு அங்கே மரண தண்டனையாகிவிட்டது.

அந்த வங்காளச் சொல்லைக் கேட்டவுடன் நமக்குப் பழக்கமாகத் தோன்றியிருக்கும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்றும் ‘புத்திஜீவிகள்’ என்று சாதாரணமாக, மரியாதையாகவே எழுதுகின்றன. தமிழ்நாட்டில் அது ‘அறிவுஜீவி’. முன்பாதி தமிழ், பின்பாதி வடமொழி. ‘ஜீவி’ என்றால் ஒன்றைக் கொண்டு வாழ்பவர். அதாவது சொல்லின் கட்டுமானப்படி அறிவால் பிழைப்பவர். இங்கே கொஞ்சம் சறுக்கல் இருக்கிறது. ரஷ்யச் சொல்லில் பிழைப்பு முக்கியமில்லை, பொறுப்புத்தான் முக்கியம். இந்த ‘ஜீவி’ ஒட்டு எவ்வளவு எளிதாகக் கேலிக்குப் பயன்படும் என்பதை 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் பார்த்தோம். விவசாயிகள் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பிரதமர் மோதி, உழைப்பால் வாழ்பவர், அறிவால் வாழ்பவர் வரிசையில் ‘ஆந்தோலன்ஜீவி’ என்று, போராட்டத்தால் பிழைப்பவர் என்ற பொருளில் ஒரு புது இனத்தைச் சேர்த்தார்.

கேலிக்கு அரசியல்வாதியும் வேண்டாம். “பெரிய அறிவுஜீவின்னு நினைப்பு” என்று ஒரு தடவையாவது கேட்காத தமிழ்க் காது இருக்காது. ‘மேதாவி’க்கும் இதே கதிதான்; ‘அதிமேதாவி’ என்றால் பாராட்டு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘அறிஞர்’ மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. அண்ணாதுரை பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டதால் அதைக் கிண்டல் செய்ய ஆள் இல்லாமல் போயிருக்கலாம், இது என் ஊகம்.

அப்படியானால் இன்டெலிஜென்ட்சியாவைத் தமிழில் எப்படி எழுதுவது? மாஸ்கோவில் அச்சாகி, மலிவு விலையில் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளுக்கு வந்த ரஷ்ய நூல்களின் வழியாகத்தான் நம்மில் பலருக்கு இந்த மனிதர்கள் அறிமுகமானார்கள். இடதுசாரி எழுத்துகளில் ‘அறிவுத்துறையினர்’ என்ற சொல் அந்தப் பாதையில் பழகியது. சோவியத் புள்ளிவிவரத்தில் வரும் பொறியாளரையும் கணக்கரையும் குறிக்க அதுவே சரி. அலுவலக வாடை அடிக்கிற சொல், அடிக்க வேண்டிய இடம். 1874-இல் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கிராமத்துக்குப் போன பெண்ணை அப்படிச் சொன்னால் உறைக்காது. ‘சான்றோர்’ என்று போடலாமா என்று நானே ஒருமுறை யோசித்திருக்கிறேன். நிறைவைக் குறிக்கும் ‘சால்’ என்ற வேரிலிருந்து வந்த சொல். படிப்பையும் பண்பையும் ஒன்றாகப் பிடிக்கும். ஆனால் ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்ற புறநானூற்று வரியில் வரும் சான்றோன் வாளெடுத்துப் போருக்குப் போகிறவன். போதாக்குறைக்கு, நிறைந்தவர் என்ற பெயர் இந்தக் கூட்டத்துக்குச் சற்றும் பொருந்தாது. இவர்கள் எப்போதும் கடன்பட்டவர்களாகவே தங்களை நினைத்தவர்கள்.

ஆகவே ரஷ்யாவைப் பற்றி எழுதும்போது இன்டெலிஜென்ட்சியா என்று அப்படியே எழுதிவிட்டு, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுவது என் வழக்கம். டிராம் வசவை மட்டும் மொழிபெயர்க்காமல் விட மனம் வராது. அங்கே தொப்பியை எடுத்துவிட்டு, “பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க” என்றே போட்டுவிடுவேன்.